பையனிடமும் சொல்லி வையுங்கள்!

வயசுக்கு வந்த பெண்ணிடம் சொல்ல வேண்டியதையே நாம் பாதி விழுங்கிப் பாதிதான் சொல்கிறோம். இந்த லட்சணத்தில், மீசை அரும்பும் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதா? "நல்லாயிருக்கே கூத்து!" என்று உங்களில் பல பேர் முகத்தைச் சுளிப்பீர்கள்.

சுளித்துக்கொண்டே மேலே படியுங்கள், பரவாயில்லை. படித்து முடிக்கும்போது, "அட, இதை அவனிடம் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு" என்று உங்களுக்கே தோன்றும். ஏனென்றால், இந்த விஷயத்தில் பையனுக்கு மூன்று விதமான சம்பந்தம் இருக்கிறது. அம்மாவுக்கு நோய் வந்தால் அவன் மகன். அவன் மார்பிலேயே ஒரு மாற்றம் வரும் வயசு அது. நாளைக்கு அவன் ஒரு பெண்ணுக்குக் கணவன், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. இந்த மூன்றிலும் அவனுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் ஒரு உயிர் பிழைக்கலாம். தெரியாமல் போனால் மாதக்கணக்கில் காலம் வீணாகலாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

நம் புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நேரு வீதியில் கடை வேலை. காலையில் போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்புவார். மூத்தவன் பன்னிரண்டாவது படிக்கிறான். சின்னவள் ஆறாவது. அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயசு.

ஒரு நாள் குளிக்கும்போது அம்மாவின் கையில் ஏதோ தட்டுப்படுகிறது. புளியங்கொட்டை அளவுக்கு, கெட்டியாக. வலி இல்லை. "வலிக்கலியே, என்ன ஆகப் போவுது" என்று விட்டுவிடுகிறாள். அடுத்த மாதமும் அது அங்கேயே இருக்கிறது. உள்ளுக்குள் பயம். ஆனால் யாரிடம் சொல்வது? கணவரிடம் சொல்லக் கூச்சம். மாமியாரிடம் சொன்னால் ஊரே கேட்கும். "பையனுக்குப் பரீட்சை வருது. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். மார்ச் போகிறது. பிறகு ரிசல்ட். பிறகு காலேஜ் அட்மிஷன். பிறகு நாத்தனார் வீட்டுக் கல்யாணம். புளியங்கொட்டை எலுமிச்சம்பழம் ஆகிவிடுகிறது.

இந்த அம்மா கற்பனைதான். ஆனால் இவளைப் போன்றவர்கள் கற்பனை இல்லை. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்பது டாக்டர்களின் தீராத ஆதங்கம். அதற்குப் பணம் ஒரு காரணம், தூரம் ஒரு காரணம். வெட்கமும் ஒரு காரணம்!

அந்த வீட்டுப் பையனுக்கு, "வலி இல்லாத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும்" என்ற ஒரு விஷயம் தெரிந்திருந்தால்? "அம்மா இவனிடம் இதைச் சொல்லலாம்" என்ற பழக்கம் அந்த வீட்டில் இருந்திருந்தால்? பரீட்சையைச் சாக்குச் சொல்ல அவன் விட்டிருப்பானா? "வாம்மா, இப்பவே போவலாம்" என்று ஸ்கூட்டரை எடுத்திருக்க மாட்டானா?

அம்மாவின் வயசும் பையனின் வயசும்

இன்று இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஒரே வருஷத்தில் நம் நாட்டில் புதிதாக 1 லட்சத்து 90 ஆயிரம் பெண்களுக்கு மேல் இந்த நோய் கண்டது. 90 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்நாடுகளில் இது பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருகிற நோய். நம் பெண்களுக்கோ சுமார் பத்து வருஷம் முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்துவிடுகிறது. நாற்பதுகளில் இருக்கிற அம்மாவுக்குப் பையன் எந்த வயசில் இருப்பான்? பதினைந்து, பதினாறு, பதினேழு! அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலமும், அம்மா ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. அதனால்தான் அவனிடம் சொல்லி வையுங்கள் என்கிறோம்.

அவனுக்கே ஒரு கவலை இருக்கலாம்

பையன் திடீரென்று வீட்டில்கூடச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறானா? கடற்கரையில் நண்பர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கும்போது இவன் மட்டும் கரையில் நிற்கிறானா? தொளதொளவென்று சட்டை வேண்டும் என்று அடம் பிடிக்கிறானா? "ஸ்டைல் பண்றான்" என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம்.

பன்னிரண்டு வயசிலிருந்து பதினைந்து வயசுக்குள், பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு மார்புக் காம்புக்கு அடியில் சின்ன வில்லை போல ஒரு தடிப்பு வருகிறது. ஒரு பக்கம் வரலாம், இரண்டு பக்கமும் வரலாம். தொட்டால் வலிக்கும். சட்டை உரசினால்கூடச் சிலருக்கு எரியும். டாக்டர்கள் இதைக் கைனகோமாஸ்டியா என்று சொல்கிறார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் ரொம்பச் சாதாரணம்!

ஆண் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் உண்டு. பருவ வயசில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு வேகத்துக்கு வருவதற்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் தராசு கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில் மார்புத் திசு லேசாக வளரும். பெரும்பாலான பையன்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகவே கரைந்துவிடும். இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறப் போவதும் இல்லை.

ஆனால் அந்தப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? யாரிடமும் கேட்க முடியாமல், "எனக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று ராத்திரி எல்லாம் முழித்துக்கொண்டு கிடப்பான். "கேன்சரோ?" என்றுகூடப் பயப்படுவான். வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்பான். வீட்டிலேயே அத்தை, மாமா யாராவது "என்னடா, பொம்பளப் பிள்ளையாட்டம்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டால் போச்சு! தயவுசெய்து அந்தப் பேச்சை உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள்.

அழுத்திப் பார்ப்பது, பிதுக்குவது, எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, கண்ட களிம்பைத் தடவுவது எல்லாம் வேண்டாம். குண்டான பையன்களுக்கு வெறும் கொழுப்பினாலும் மார்பு பெரிதாகத் தெரியும். அதற்கு ஓடியாடுவதும் சாப்பாட்டில் கட்டுப்பாடும்தான் வழி.

எப்போது டாக்டரிடம் காட்டுவது? பருவ வயசுக்கு முன்பே வந்தால். சீக்கிரம் சீக்கிரமாகப் பெரிதானால். கட்டி கல் மாதிரி இருந்து, காம்பை விட்டுத் தள்ளி இருந்தால். காம்பிலிருந்து ஏதாவது கசிந்தால். விரையில் கட்டியோ வீக்கமோ தெரிந்தால். இரண்டு வருஷமாகியும் போகாமல் இருந்தால். இவை தவிர, ஜிம்முக்குப் போகிற பையன் உடம்பு ஏறுவதற்காக ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறானா என்று பக்குவமாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் மார்பை வளரவைக்கும், வேறு கேடுகளையும் கொண்டுவரும்.

"ஆம்பளைக்குமா வரும்?"

வரும். அபூர்வமாக. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் நூறு பேர் என்றால் அதில் சுமார் ஒருவர் ஆண். பெரும்பாலும் அறுபது வயசுக்கு மேல்தான். பதினைந்து வயசுப் பையனுக்கு வருவது மிக மிக அபூர்வம். ஆகவே மகனை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ காம்புக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி, ஆறாத புண், உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ரத்தக் கசிவு என்று எதையாவது மறைத்து வைத்திருந்தால், அதை அலட்சியம் செய்யக் கூடாது.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் அப்பா மாத்யூ நோல்ஸ் தமக்கு இந்த நோய் வந்ததை 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். தம் சட்டையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருந்ததைக் கவனித்துத்தான் அவர் டாக்டரிடம் போனார். ஆண்களுக்கு இந்த நோய் பல சமயம் தாமதமாகத் தெரிவதற்குக் காரணமே, "நமக்கு எதுக்கு அது வரப் போவுது?" என்ற எண்ணம்தான்.

அத்தையையும் கணக்கில் சேருங்கள்

மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதில்லை. நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பெற்றோர் வழியாக வரும் மரபணுக் கோளாறு காரணம். அதில் முக்கியமானவை பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்கள். 1990-களின் நடுவில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். மாத்யூ நோல்ஸிடம் இருந்தது இரண்டாவது.

இதில் நாம் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் உண்டு. "இது பொம்பளைங்க வியாதி, அம்மா வழியாத்தான் வரும்" என்பது! அப்படி இல்லை. இந்தக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். அது உள்ள தாயோ தந்தையோ, தங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைக் கொடுப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகளாக இருந்தாலும் சரி, மகனாக இருந்தாலும் சரி. மகனுக்கு வாழ்நாள் முழுக்க நோயே வராமல் போகலாம். ஆனால் அவன் மூலமாக அவன் மகளுக்கு அது போய்ச் சேரலாம்.

ஆகவே டாக்டர், "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டால், அம்மாவையும் சித்தியையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அத்தை, அப்பாவைப் பெற்ற பாட்டி, பெரியப்பா மகள் எல்லோரும் கணக்கில் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, சின்ன வயசிலேயே யாருக்காவது வந்திருந்தாலோ, ஆணுக்கு வந்திருந்தாலோ டாக்டரின் ஆலோசனை கட்டாயம். இந்தக் குடும்ப விவரம் பெண்ணுக்கு மட்டும் அல்ல, பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

"பேசுவோம்!"

நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பாரீசில் ஒரு கால், பாண்டியில் ஒரு கால். அங்கே இருக்கிற அக்காவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்கள். பிரான்சில் 50 வயசிலிருந்து 74 வயசு வரை உள்ள பெண்களுக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும்படி அழைப்பு வரும். 2004-லிருந்து நாடு முழுவதும் இது நடக்கிறது. அதற்கும் பத்து வருஷம் முன்னதாக, 1994-ல், அங்கே ரோஜா நிற ரிப்பனை வைத்து அக்டோபர் மாத இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய சங்கத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், "மார்பகப் புற்றுநோய்: பேசுவோம் அதைப் பற்றி!" என்று வரும். அந்த நாட்டிலேயே வாய் திறந்து பேசச் சொல்லி ஒரு சங்கம் வேண்டியிருந்தது என்றால், நாம் கூச்சப்படுவதில் என்ன ஆச்சரியம்!

சரி, எப்படிப் பேசுவது? வகுப்பு எடுப்பது போலப் பேசினால் பையன் எழுந்து ஓடிவிடுவான். கூடவே நடக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, கீரை ஆயும்போது, நேருக்கு நேர் முகம் பார்க்காத சமயமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அக்டோபர் மாதத்தில் பத்திரிகையிலோ சுவரொட்டியிலோ ரோஜா நிற ரிப்பனைப் பார்த்தால் அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

"அந்த ரிப்பன் எதுக்குன்னு தெரியுமாடா?"

"தெரியும்மா... கேன்சர்."

"என்ன கேன்சர்?"

"போம்மா!"

"இதுல வெக்கப்பட என்னடா இருக்கு? நீ பொறந்ததும் பால் குடிச்ச எடம் அது. அங்க ஒரு கட்டி வந்தா, வயித்துவலிக்கு டாக்டர்கிட்டப் போற மாதிரிப் போகணும். அவ்வளவுதான். நானோ, அத்தையோ, உன் டீச்சரோ யாராவது சொல்லத் தயங்கினா, நீ கேலி பண்ணாம, 'டாக்டர்கிட்டக் காட்டுங்க'ன்னு சொல்லணும். சரியா?"

இவ்வளவு போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டாம். "பால் குடித்த இடம்" என்ற ஒரு வார்த்தையே, வகுப்பில் பையன்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹிஹி என்று இளிக்கிற பழக்கத்தைப் பாதி மாற்றிவிடும். அவனுக்கே மார்பில் வலி இருந்தால், "உனக்கும் இப்ப வளர்ற வயசு. அங்க வலி, தடிப்பு வந்தாச் சொல்லு. பாதிப் பசங்களுக்கு வரும், போயிடும்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உங்களிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தால் அப்பாவோ, தாய்மாமனோ பேசட்டும். யாராவது ஒருவர் பேச வேண்டும், அதுதான் முக்கியம்.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளங்கள்

மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி. வலி இல்லாவிட்டாலும், வலி இல்லாததனாலேயே, காட்ட வேண்டும்.

மார்பின் தோல் உள்ளுக்குக் குழிவது, அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது.

நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பைச் சுற்றி ஆறாத புண், செதில்.

காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது.

ஒரு மார்பின் அளவோ அமைப்போ திடீரென்று மாறுவது.

இவற்றில் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது சாதாரணம், எது இல்லை என்பதை நாமே தீர்மானிக்க முடியாது.

கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாவது உங்களுக்குச் சகஜம். குழந்தை நன்றாகக் குடித்தாலோ, பாலைப் பீய்ச்சி எடுத்தாலோ அது இளகிவிடும். இரண்டு வாரம் ஆகியும் ஒரே இடத்தில் ஒரே கட்டி அப்படியே நின்றால், "பால் கட்டுதான்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதும் உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒவ்வொரு பன்னிரண்டு மாதத் தாய்ப்பாலுக்கும் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான். பால் கொடுத்தவளுக்கு வரவே வராது என்று அர்த்தம் இல்லை.

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கிய ஊர் நம்முடையது. அதன் வழிவந்ததுதான் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். 1964-ல் அந்தப் பெயர் வந்தது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து எல்லாம் ஜனங்கள் அங்கே புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறார்கள். நமக்கோ அது டவுன் பஸ் தூரம்! ஆனால் முதல் அடியே அங்கே வைக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, உங்களுக்குத் தெரிந்த லேடி டாக்டரிடமோ போனால் போதும். தேவைப்பட்டால் அவர்களே எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

மத்திய அரசு 2016-ல் வகுத்த முறைப்படி, 30 வயசிலிருந்து 65 வயசு வரை உள்ள பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவர் கையால் மார்பைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். "கையால தொட்டுப் பாத்தா என்ன தெரியும்?" என்று இளப்பமாக நினைக்காதீர்கள். மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 1998-ல் தொடங்கி இருபது வருஷம், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பயிற்சி கொடுத்த பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து கையால் பரிசோதித்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. 50 வயசுக்கு மேற்பட்ட பெண்களிடம் இந்த நோயால் நேரும் சாவு ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது!

கட்டி இருந்தால் முதலில் கையால் பார்ப்பார்கள். பிறகு மாமோகிராம் அல்லது ஸ்கேன். சின்ன வயசுக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன்தான். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். "ஊசி குத்தினா பரவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. ஊசிப் பரிசோதனை செய்யாமல் சரியான சிகிச்சையே தொடங்க முடியாது.

"மார்பையே எடுத்துடுவாங்களே" என்ற பயமும் பெரிய பயம்தான். ஒரு காலத்தில் மார்போடு, அடியில் உள்ள தசையையும் சேர்த்து எடுத்தார்கள். சின்னக் கட்டியாக இருக்கும்போதே வந்தால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்க டாக்டர் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1985-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மார்பைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவள் சீக்கிரம் போக வேண்டும். பயந்து ஒளிந்தால்தான் எடுக்கும்படி ஆகும்!

நோய் வந்துவிட்டால் மறைக்காதீர்கள்

"பையனுக்குத் தெரிய வேணாம், மனசு உடைஞ்சிடுவான்." நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை இது. ஆனால் பதினைந்து வயசுப் பையனிடம் எதை மறைக்க முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு அப்பா போனில் பேசுவதும், அம்மா கண் சிவந்திருப்பதும், பாட்டி திடீரென்று பெட்டியோடு வந்து இறங்குவதும் அவனுக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லாவிட்டால், உண்மையைவிடப் பயங்கரமாக ஒன்றை அவனே கற்பனை செய்துகொள்வான். பிறகு தெரியவரும்போது, "என்னை நம்பலியே" என்ற கோபம் வேறு.

நோயின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். இது தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், அம்மா மடியில் தலை வைத்துப் படுக்கலாம் என்று சொல்லுங்கள். அவன் சண்டை போட்டதாலோ, படிக்காமல் கவலை கொடுத்ததாலோ இது வரவில்லை என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். இந்த எண்ணம் பிள்ளைகள் மனசில் இருக்கும், ஆனால் கேட்க மாட்டார்கள். மருந்து ஏற்றினால் முடி கொட்டும், வாந்தி வரும், சோர்வு இருக்கும், சிகிச்சை முடிந்ததும் முடி திரும்ப முளைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்து அவன் அதிர மாட்டான்.

பையன்கள் பெண்களைப் போல அழுது தீர்ப்பதில்லை. எரிந்து விழுவார்கள். வீட்டுக்கு நேரம் கழித்து வருவார்கள். மார்க் குறையும். "அம்மாவுக்கு இப்படி இருக்கும்போது இவனுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா பாரேன்" என்று உறவுக்காரர்கள் திட்டுவார்கள். அது அக்கறை இல்லாமை அல்ல, பயம். வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவனுக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் வைப்பது, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது, தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது. ஒன்று போதும். வீட்டுப் பாரம் முழுவதையும் அவன் தலையில் ஏற்றிவிடாதீர்கள். மாலையில் பந்து விளையாடப் போகட்டும். அதுவும் அவனுக்கு மருந்துதான்.

ஒரு தாய், ஒரு மகன்

புற்றுநோயைப் பற்றி மகனிடம் பேசினால் என்ன விளையும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, 1923-ல் புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத வேதனை அவரை விடவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முப்பது வருஷம் விடாமல் போராடினார். தங்கை இறந்தபோது சின்னக் குழந்தையாக இருந்த அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி, அம்மாவின் ஏக்கத்தைக் கேட்டே வளர்ந்தார். தாமும் டாக்டராகி, மேல்நாடுகளில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். எத்தனை ஆயிரம் தாய்மார்கள் அங்கே பிழைத்து வீடு திரும்பியிருப்பார்கள்!

எல்லாப் பையன்களும் டாக்டராக வேண்டாம். ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். அம்மா தயங்கி நிற்கும் நாளில், "வாம்மா, நான் கூட வரேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிற தைரியம் அவனுக்கு வர வேண்டும் என்றால், முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள்தான், தொடங்கிவிடுங்களேன்!